நாலு பாயிண்ட் ஜீரோ

வெளிநாட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவன் கோட்டை விடுவதற்குக் கௌரவமான இடங்கள் நிறைய உண்டு. கம்பைலர் இருக்கிறது, கிரிப்டோகிராஃபி இருக்கிறது. "மெஷின் லேர்னிங் கணக்கில் மாட்டிக்கொண்டேன்" என்று சொன்னால் கேட்பவர் உச்சுக்கொட்டி, "அது கொஞ்சம் கஷ்டம்தான்" என்பார். நான் கோட்டை விட்டது இசட் பட்டனில்.

ஜெர்மன் கீபோர்டில் வொய்யும் இசட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ழகரம் வருகிற இடத்திலெல்லாம் இசட்-எச் போட்டே பழகிய நமக்கு இது நேராக அடிமடியில் கைவைக்கிற வேலை. என் பாஸ்வேர்டில் ஒரு ழ உண்டு. (என்ன சொல் என்று கேட்காதீர்கள், இன்னும் மாற்றவில்லை.) 2023 அக்டோபரில், ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்தில், கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து, கை பழகின பழக்கத்தில் அதை அடித்தேன். திரையில் கறுப்புப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. தவறு என்றது. மறுபடி அடித்தேன், இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தி. பட்டனை அழுத்தி அடித்தால் பாஸ்வேர்டு சரியாகிவிடும் என்று நம்புகிறவனுக்கு முதுகலையில் இடம் கொடுத்திருந்தார்கள். கடைசியில் கணக்கே முடங்கிவிட்டது.

உதவிக்கு உட்கார்ந்திருந்த மாணவன் என்னைவிட வயதில் சின்னவன். என்ன ஆயிற்று என்று கேட்டான். கீபோர்டைப் பார்க்காமல் அடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். "உங்கள் சர்வரில் ஏதோ கோளாறு" என்றேன். அவன் எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று, இன்னொரு தடவை அடிக்கச் சொன்னான். அடித்தேன். குனிந்து ஒற்றை விரலால் அந்தப் பட்டனைத் தொட்டுக் காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்துகொண்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பாஸ்வேர்டு ஒரு நாள் கூத்து. ஃப்ளவர் பிராக்கெட் தினப்படி வாதை. ஜெர்மன் கீபோர்டில் ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கம் இருக்கிற ஆல்ட் ஜிஆர் பட்டனோடு 7 அடித்தால்தான் அது திறக்கும். 0 அடித்தால் மூடும். சதுர பிராக்கெட்டுக்கு 8, 9. நான் இடப்பக்க ஆல்ட்டையே அமுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவனைக் கேட்க வெட்கமாக இருந்தது. அதனால் ஒரு மாற்று ஏற்பாடு செய்துகொண்டேன். எல்லா பிராக்கெட்டுகளையும் பழைய ப்ரோகிராம் ஒன்றிலிருந்து எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வைத்து, வேண்டும்போதெல்லாம் அங்கே போய்க் காப்பி செய்து வந்து ஒட்டுவேன். ஜாவாவில் பத்து வரி எழுதுவதற்குள் அந்த ஃபைலுக்கு எத்தனை நடை போவேன் என்பதை ஜாவா எழுதுகிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு பேராகச் சேர்ந்து செய்கிற பயிற்சியில் என் ஜோடியாக வந்த ஜெர்மன் மாணவன் இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது இந்தியாவில் சொல்லித்தரும் முறையா?" என்று பணிவாகக் கேட்டான். ஆமாம் என்றேன். அந்தப் பொய்க்காக நாட்டு மக்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

கேட்பது என்பது என்னால் ஆகாத காரியம். நம் ஊர்க் கல்லூரியில் கடைசி பீரியடில் டவுட் கேட்டவனை மொத்த வகுப்பும் எப்படித் திரும்பிப் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாலு வருஷம் அந்தப் பயிற்சி எடுத்தவன் நான். அங்கே போய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

பெருமையாக ஒரு காரியமும் செய்தேன். வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் அதுதான் கைதட்டல். நம் சட்டமன்றத்தில் மேசையைத் தட்டுவதை டிவியில் பார்த்து வளர்ந்தவனுக்கு இது உடனே பிடிபட்டது. ஆனால் என்னுடையது கடைசி பெஞ்சில் கானாவுக்குத் தாளம் போட்ட கை. எல்லோரும் தட்டி முடித்துப் பையை மாட்டிக்கொண்ட பிறகும் அது தன்பாட்டுக்கு ஒரு சுற்று போய், தீர்மானம் வைத்துத்தான் நின்றது. பேராசிரியர் லேப்டாப்பை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது மகிழ்ச்சி என்றே இன்றுவரை நம்பி வருகிறேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெர்மனிக்கு மாணவர் விசா வாங்க, முதல் வருஷச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் போட்டுக் காட்ட வேண்டும்; நான் போன வருஷம் அது 11,208 யூரோ. மாதம் 934 யூரோ வீதம்தான் வெளியே எடுக்க முடிந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகைதான் என்று நான் சொன்னதை நம்பி, பணிக்கொடையில் கிடைத்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தார். எர்லாங்கன் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. "ஓம் விதி இருக்குல்ல, அந்த ஓம் பொறந்த ஊருப்பா" என்றேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. "நம்ம ஓமா?" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் அவருக்குக் கட்டுப்பட்டு வேலை பார்த்தவர் அல்லவா. அன்று சாயங்காலமே செக்‌ஷன் ஆபீஸுக்குப் போய்ப் பழைய ஆட்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தாராம்.

அவரிடம் சொல்லாமல் விட்ட பாதியும் உண்டு. கேயார்க் சைமன் ஓம் 1789-இல் அங்கே பிறந்தது வாஸ்தவம். 1805-இல் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பாடத்தை விட்டுவிட்டு நடனம், பில்லியர்ட்ஸ், ஐஸ் ஸ்கேட்டிங் என்று சுற்றியதும் வாஸ்தவம். பூட்டுத் தொழிலாளியான அப்பா கடுப்பாகி, படிப்பை நிறுத்தி மகனை ஸ்விட்சர்லாந்துக்கு வாத்தியார் வேலைக்கு அனுப்பிவிட்டார். ஓம் திரும்பி வந்து 1811-இல்தான் டாக்டர் பட்டம் வாங்கினார். முதல் குளிர்காலத்தில் இதைப் படித்தபோது எனக்குக் கிடைத்த நிம்மதியை அவருடைய விதி எனக்குக் கொடுத்ததே இல்லை. எனக்கு நடனமும் வராது, பில்லியர்ட்ஸும் தெரியாது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன்.

செமஸ்டர் கடைசியில் அல்காரிதம் பரீட்சை வந்தது. விழுந்து விழுந்து படித்தேன், இதில் பொய் இல்லை. ஹாலுக்குப் போனால் பட்டியலில் என் பெயர் இல்லை. அங்கே பாடத்தில் உட்கார்வது வேறு, பரீட்சைக்குப் பதிவு செய்வது வேறு. செமஸ்டர் நடுவில் சில வாரங்கள் இணையதளத்தில் பதிவு திறந்திருக்கும். நாமே போய்ப் பதிய வேண்டும். மின்னஞ்சல் வந்திருந்தது. ஜெர்மனில் நீளமாக இருந்ததால் ஏதோ விழா அழைப்பு என்று நினைத்து விட்டுவிட்டேன். நம் கல்லூரியில் ஃபீஸ் கட்டாதவனை ஆபீஸ் அக்கா வகுப்பு வாசலுக்கே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மானத்தை வாங்கியாவது ஹால் டிக்கெட்டைக் கையில் திணித்துவிடுவார். அந்த அக்காவின் அருமை எனக்கு எர்லாங்கனில் தெரிந்தது.

அடுத்த செமஸ்டரில் பதிவு திறந்த அன்றே பதிந்தேன். ரசீதைப் பிரிண்ட் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இந்த முறை பிட்டு வேறு இருந்தது. ஆமாம், பிட்டேதான். கையால் எழுதிய ஒரு ஏ4 தாள், இரண்டு பக்கமும் எழுதலாம், பரீட்சைக்குக் கொண்டுவரலாம் என்று பேராசிரியரே அறிவித்திருந்தார். அரசு அங்கீகாரம் பெற்ற பிட்டு! தமிழ்நாட்டில் எத்தனை தலைமுறை கண்ட கனவு. 0.3 பேனா வாங்கி வந்து, பாடப்புத்தகத்தையே அந்தத் தாளில் இறக்கினேன். எறும்பு சாரிபோல எழுத்து. ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் செங்குத்தாகவும் எழுதினேன். தேனிக்கார சீனியர் அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இத படிக்கறதுக்கு லென்ஸும் அலோ பண்ணிருக்காங்களா?" என்றார். அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

நேரத்துக்கு வருவோம். அங்கே வகுப்பு 10 மணி என்று போட்டிருந்தால் 10.15-க்குத்தான் தொடங்கும், கல்விக் கால்மணி என்று பெயர், பழைய காலத்து வழக்கம். முதல் வாரத்தில் இது தெரியாமல் பத்துக்கு ஐந்து நிமிஷம் முன்பே போய், காலி ஹாலைப் பார்த்து அறை மாறிவிட்டோம் என்று கட்டடம் முழுக்கத் தேடி அலைந்து, திரும்பி வந்தபோது ஹால் நிரம்பி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பட்டுத் தெரிந்துகொண்ட பாடம், ஆகவே நன்றாகப் பதிந்துபோனது. பரீட்சைக்கும் 10.10-க்குச் சாவகாசமாகப் போனேன். பரீட்சைக்கு அந்தக் கால்மணி கிடையாது என்பதை, குனிந்து எழுதிக்கொண்டிருந்த ஒரு ஹால் நிறைய தலைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதல் கேள்வியே டைக்ஸ்ட்ரா. ஒரு முனையிலிருந்து மற்ற முனைகளுக்கு மிகக் குறைந்த தூர வழி கண்டுபிடிக்கிற அல்காரிதம். துள்ளினேன். என் பிட்டில் அது வரிக்கு வரி இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. வலது ஓரத்தில் செங்குத்துப் பகுதியில் கண்டுபிடித்துத் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு கேள்வியைப் படித்தால், அல்காரிதத்தை எழுதச் சொல்லவில்லை. படத்தில் ஓர் இணைப்புக்கு மைனஸ் மதிப்பு கொடுத்திருந்தார்கள். இந்தப் படத்தில் அது எந்த இடத்தில் தப்பான விடை தரும், ஏன் என்று விளக்கு. ஒரு முனைக்கு இதுதான் குறைந்த தூரம் என்று ஒருமுறை முடிவு கட்டிவிட்டால் டைக்ஸ்ட்ரா திரும்பிப் பார்க்காது; பின்னால் ஒரு மைனஸ் வழி வந்து தூரத்தைக் குறைத்தாலும் பழைய முடிவு பழைய முடிவுதான். இரண்டு வரி பதில். இப்போது சுலபமாகச் சொல்கிறேன். அன்றைக்குத் தாளை நாலு திசையிலும் திருப்பிக்கொண்டிருந்தேன். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இந்த அல்காரிதத்தை 1956-இல் ஆம்ஸ்டர்டாமில், கல்யாணம் நிச்சயமான பெண்ணோடு கடைவீதிக்குப் போய்க் களைத்து, காபி குடிக்க உட்கார்ந்த இடத்தில் இருபது நிமிஷத்தில் யோசித்து முடித்தாராம். பேப்பர் பேனா இல்லாமல். என்னிடம் இரண்டு பக்கம் நிறைய பேப்பர் இருந்தது.

மார்க் வந்தது. 4.0.

ஜெர்மனியில் 1.0 தான் உச்சம். எண் கூடக்கூட நாம் இறங்குகிறோம் என்று பொருள். 4.0 தட்டுத்தடுமாறித் தேர்ச்சி. அதைத் தாண்டினால் ஃபெயில். நம் மார்க்கை அவர்கள் கணக்குக்கு மாற்ற பவேரியச் சூத்திரம் என்று ஒன்று உண்டு: அதிகபட்சத்திலிருந்து நம் மார்க்கைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு 8.6 வைத்திருந்தேன், தேர்ச்சிக்கு 5. வந்தது 1.84. இடம் கிடைத்த சந்தோஷத்தில் "ஒண்ணு பாயிண்ட் எட்டு போட்டிருக்காங்க" என்று வீட்டில் சொன்னதோடு சரி, எது மேலே எது கீழே என்று சொல்லவில்லை.

அம்மா ஃபோனில் கேட்டாள். "நாலு பாயிண்ட் ஜீரோம்மா" என்றேன், குரல் உள்ளே போய்விட்டது.

"நாலா! ஏய்யா, ஒண்ணு பாயிண்ட் எட்டுல இருந்து நாலா!"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "அது வந்தும்மா..." என்று தொடங்கவும் செய்தேன். அதற்குள் அவள் ஃபோனோடு தெருவைக் கடந்து எதிர்வீட்டு டீச்சரிடம் போய்விட்டாள். டீச்சரின் மகன் டெக்சாஸில் படிக்கிறான். அமெரிக்காவில் 4.0 என்பது முழு மார்க். "அங்கெல்லாம் நாலுதான் ஃபுல்லு. எங்க பையனே மூணு பாயிண்ட் ஆறுதான்" என்று டீச்சர் சொல்வது எனக்கே கேட்டது. அவர் குரலில் இருந்த சின்னக் கசப்பு, உண்மையைச் சொல்லக் கொஞ்சநஞ்சம் மிச்சமிருந்த என் தைரியத்தையும் கெடுத்தது. அது இனிப்பாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

செண்பகவல்லி அம்மனுக்கு என் பெயரில் அர்ச்சனை நடந்தது. 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் கோவில்பட்டிக் கடலைமிட்டாயைத் தெரு முழுக்கக் கொடுத்தார்கள். அப்பா செக்‌ஷன் ஆபீஸுக்கும் ஒரு பொட்டலம் கொண்டுபோனார். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் படம் வந்தது. சித்தி மகன், இன்ஜினியரிங் முதல் வருஷம், தனியாக மெசேஜ் போட்டிருந்தான்: "எப்படிண்ணே படிச்சீங்க? டிப்ஸ் சொல்லுங்கண்ணே."

அனுப்பினேன். அதிகாலையில் எழுந்து படி, மனப்பாடம் செய்யாதே, கான்செப்டைப் பிடி, சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் உடனே கேட்டுவிடு.

அதற்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. தேனி அண்ணன் ஆல்ட் ஜிஆர் பட்டனை ஒருநாள் போகிறபோக்கில் காட்டிக் கொடுத்தார். டேட்டாபேஸ் பரீட்சைக்கு நேரத்துக்குப் போனேன். பிட்டில் பாதிப் பக்கம் காலியாகவே விட்டிருந்தேன். 1.3 வந்தது. ஹாஸ்டல் படிக்கட்டில் நின்று மார்க்கைப் பார்த்து ஒரு கத்து கத்தியிருக்கிறேன். அந்த வேகத்தில் யோசிக்காமல் வீட்டுக்கு அடித்துவிட்டேன்.

"எவ்வளவுய்யா?" என்றாள் அம்மா.

"ஒண்ணு பாயிண்ட் மூணும்மா!"

சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "உடம்பு கிடம்பு சரியில்லையா? ராத்திரி தூங்குறியா இல்லியா? சாப்பாடு ஒத்துக்கலயா?" என்றாள். ஃபோன் அப்பாவிடம் போனது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பரவால்ல விடுல. பணத்தை நெனச்சு மனசப் போட்டுக் கொழப்பிக்காத. ஒரு தடவ எறங்கும், ஒரு தடவ ஏறும்" என்றார்.

"சரிப்பா. அடுத்த தடவை பாத்துக்கிறேன்" என்றேன்.

வைப்பதற்கு முன் அம்மா மறுபடி ஃபோனை வாங்கி, குரலைத் தாழ்த்தி, "டீச்சர்ட்ட இன்னும் ரிசல்ட் வரலன்னு சொல்லி வச்சிருக்கேன்யா. நீயும் ஸ்டேட்டஸ் கீட்டஸ் ஒண்ணும் போட்றாத" என்றாள்.