அன்று ஒரு குளிசை, இன்று ஒரு கட்டு ரிப்போர்ட்

1971இல் திருகோணமலை திருக்கடலூரில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் ஒரு கிழமையைத் தாண்டினால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபொயிட். என் அண்ணாவுக்கு வந்தபோது அப்போதிக்கரி ஐயா நாக்கை நீட்டச் சொன்னார். நடுவில் வெள்ளை, ஓரத்தில் சிவப்பு. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நாடி பிடித்தார், உடம்பு கொதித்த அளவுக்கு நாடி ஓடவில்லை. அதைக் கண்டறியும் விடால் டெஸ்டுக்கு இரத்தம் எடுத்தார்கள். அதன் முடிவு வருமுன்னரே குளோரம்பெனிகோல் தொடங்கியாயிற்று. நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கியது. அம்மம்மா அதற்குப் பிறகும் பல நாள் கஞ்சியைத் தவிர வேறெதையும் அவன் கண்ணில் காட்டவில்லை.

அம்மம்மாவுக்கு அது அற்புதம். அவருடைய இளமையில் இந்தக் காய்ச்சல் மூன்று நாலு கிழமை எரிந்து தானாக அடங்க வேண்டும்; இல்லாவிட்டால் குடல் துளைபட்டு ஆள் போகும். அந்த நிலை தற்செயலாக மாறியது. 1948இல் கோலாலம்பூரில் அமெரிக்க மருத்துவர் தியோடர் வுட்வர்டும் கூட்டாளிகளும் உண்ணிக் காய்ச்சலுக்கு குளோரம்பெனிகோலைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மருந்து வாங்கியவர்களில் சிலருக்கு இருந்தது நெருப்புக் காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது. அவர்களும் எழும்பிவிட்டார்கள்.

அண்ணா எழும்பிய மறு வருடமே, 1972இல், கோழிக்கோட்டிலும் மெக்சிக்கோவிலும் அந்த மருந்துக்கு அடங்காத கிருமி கிளம்பியது. எண்பதுகளின் கடைசியில் அம்பிசிலினும் கோட்ரைமொக்சசோலும் சேர்ந்தே தோற்றன. பிறகு வந்த சிப்ரோபுளொக்சசினும் தென்னாசியாவில் தேய்ந்துபோயிற்று. 2016 இறுதியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாதில் செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் அடங்காத வகை பரவியது. வாயால் கொடுக்க அசித்ரோமைசின் ஒன்றுதான் மிச்சம். 2019இல் அந்த நாடு பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கிய தடுப்பூசி, இந்தியாவின் ஹைதராபாதில் பாரத் பயோடெக் செய்தது. இதற்கிடையில், குளோரம்பெனிகோலைக் கைவிட்ட இந்தியாவிலும் நேபாளத்திலும் கிருமி பெரும்பாலும் அதற்கு மறுபடி அடங்குகிறது. ஆனாலும் எலும்பு மச்சையை அது அரிதாகக் கெடுத்துவிடும் என்பதால் மருத்துவர்கள் இலேசில் அதனிடம் திரும்புவதில்லை.

சென்ற வருடம் உப்புவெளியில் என் தம்பியின் மகளுக்குக் காய்ச்சல். இப்போது எங்களுடைய முதல் பயம் டெங்கு. 2017இல் கிண்ணியா பட்ட பாட்டை இந்தப் பக்கத்தில் யார் மறப்பார்? இரத்த அணுக்களை எண்ணும் எஃப்.பி.சி., சீ.ஆர்.பி. எல்லாம் மாலைக்குள் கைத்தொலைபேசிக்கே வந்துவிட்டன. வெள்ளணுக்களும் பிளேட்லெட்டும் இயல்பு. சீ.ஆர்.பி. நூறைத் தாண்டியிருந்தது.

சீ.ஆர்.பி. ஈரல் செய்யும் ஒரு புரதம். 1930இல் நியூயோர்க்கில் டில்லட்டும் பிரான்சிஸும் நியூமோனியாக்காரரின் இரத்தத்தில் அதைக் கண்டார்கள். உடம்பில் எங்கே அழற்சி என்றாலும் சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கும். பெரும்பாலும் வைரஸ் காய்ச்சலில் குறைவாகவும் பக்டீரியா காய்ச்சலில் கூடவும் நிற்கும். புரோகல்சிடோனின் என்ற மற்றக் குறிகாட்டியும் ஏறக்குறைய அப்படித்தான். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று இரண்டாலும் சொல்ல முடியாது. அதைச் சொல்வது பிளட் கல்ச்சர். அதற்கு அன்ரிபயோட்டிக் வாயில் படுமுன் போதிய இரத்தம் எடுக்க வேண்டும். எடுத்தாலும் நெருப்புக் காய்ச்சல்காரரில் ஏறத்தாழப் பாதிப்பேரில்தான் கிருமி முளைக்கும்.

எங்கள் பிள்ளைக்கு கல்ச்சருக்கு இரத்தம் எடுக்க முதலே ஒரு பார்மசியில் ஏதோ அன்ரிபயோட்டிக் கொடுத்திருந்தார்கள், கடதாசி உறையில், பெயர்கூட எழுதாமல். கல்ச்சரில் ஒன்றும் முளைக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு பிள்ளையின் இரத்தம் சொல்லியிருக்கக்கூடிய பதிலை அந்த உறை வாயடைத்துவிட்டது.

மருத்துவர் செஃப்ட்ரியாக்சோன் தொடங்கினார். ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. பிள்ளை நலம். டயக்னோசிஸ் கார்டில் நோயின் பெயர் எழுதும் இடத்தில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் இருந்தது. நெருப்புக் காய்ச்சல்தானா என்றே தெரியாமல், இனி எந்தக் கிணற்றை, எந்தச் சாப்பாட்டுக் கடையைப் போய்ப் பாருங்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நான் கேட்பது?