லஃப்பராவிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

யட்டியாந்தோட்டையில் மழை விட்டதா? இங்கே இங்கிலாந்திலும் மழைதான். ஆனால் நம்ம ஊர் மழை மாதிரி ஒரே பிடியாகக் கொட்டித் தீர்க்கத் தெரியாது. நாள் முழுக்க முனகிக்கொண்டே இருக்கும்.

'டஃப்' என்று எழுத ஜியும் எச்சும் எதற்கு என்று சின்னவள் கேட்டாளாமே. ஆள் பார்த்துத்தான் கேட்டிருக்கிறாள். நான் இருக்கிற ஊரின் பேரில் ஓ, யூ, ஜி, எச் என்ற அந்த நாலு எழுத்தும் இரண்டு தடவை வருகிறது. முதல் தடவை 'அஃப்', இரண்டாம் தடவை வெறும் 'அ'. ஆஸ்திரேலியாக்காரர்கள் எழுத்தை நம்பி 'லூகபரூகா' என்று வாசிப்பார்களாம். இது ஊரில் பழைய கேலி. ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரவில்லை, ஒரு புத்தகத் திருவிழாவுக்கே அந்தப் பேரை வைத்துவிட்டார்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்று. பீட்டரும் ஜேனும் வருகிற லேடிபேர்ட் புத்தகங்கள் தெரியும்தானே? 1964இல் தொடங்கி, எத்தனையோ நாட்டுப் பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்கிய வரிசை. அதைப் போட்ட கம்பெனி இந்த ஊர்தான்! தன் பேரையே வாசிக்க விடாத ஊர், உலகத்துக்கு வாசிப்புச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

அப்பா ஸ்டோரில் தேயிலைப் பெட்டிக்கு எழுத்து அடிப்பாரே, அங்கே இந்த வில்லங்கம் உண்டா? முழு இலை ஓ.பி., உடைந்தது பி.ஓ.பி., அதிலும் பொடிசு பி.ஓ.பி.எஃப். (தமிழில் எழுதினால் இரண்டு பியும் ஒன்றாகிவிடுகிறது; அது நம்ம பக்கத்துக் குளறுபடி.) ஓ என்றால் ஆரஞ்சு என்பார்கள், தோடம்பழ வாசம்கூட இருக்காது. ஆனாலும் எழுத்து மாறினால் தூள் மாறும், சல்லடை பொய் சொல்லாது. இங்கே சல்லடையே கிடையாது. அதே நாலு எழுத்து இருமலில் 'காஃப்', பிசைந்த மாவில் 'டோ', கலப்பையில் 'ப்ளௌ', ஊடே போவதில் 'த்ரூ'.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார், பழைய டீச்சர். அவர்தான் விஷயத்தைச் சொன்னார். முன்னொரு காலத்தில் அந்த ஜி-எச்சுக்குத் தொண்டையில் உரசி வரும் சத்தம் ஒன்று இருந்ததாம், கிட்டத்தட்ட நம்ம ஆய்தம். ஸ்கொட்லாந்துக்காரர்கள் ஏரியைச் சொல்லும்போது இன்னும் அது கேட்கும். 1476இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் போட்டார். அச்சு வந்தபின் எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது. சத்தமோ சில சொல்லில் செத்து, சிலதில் 'ஃப்' ஆகிப் போனது. லயத்தைக் காலி பண்ணிப் போன குடும்பத்தின் பேர் தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் கிடப்பது மாதிரித்தான் அந்த ஜியும் எச்சும் கிடக்கின்றன.

அமெரிக்காக்காரர்கள் கலப்பையில் அதை வெட்டி எறிந்துவிட்டார்கள். அந்தப் பேச்சை எடுத்தால் பாட்டிக்குப் பிரஷர் ஏறும். அளந்து எழுதவேண்டியது நான் என்பதால் எடுப்பதில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் பி.ஓ.பி. ஒரு கிலோ கொடுத்துவிடு. தபாலில் அனுப்பினால் ஊர்ப்பேரின் பின்பாதியில் இரண்டு ஓ இருக்கிறதா என்று பார். வடக்கே மிடில்ஸ்பராக்காரர்கள் அதில் முதல் ஓவை விட்டுவிட்டார்கள், சத்தம் மட்டும் ஏறக்குறைய அதேதான். குழம்பினால் போஸ்ட்கோடையாவது பிழையில்லாமல் எழுது. ஊர்ப்பேரைத் தபால்காரரும் வாசிப்பதாகத் தெரியவில்லை.

அன்புடன்,
தம்பி