காலியாகாத ஜாடி

துக்க வீட்டுக்குப் போனால் நாமெல்லாம் மாலையைப் போட்டுவிட்டுப் பந்தலில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவோம். அவர் கண் மட்டும் மெல்ல உள்ளே போய், சமையல்கட்டைத் தாண்டி, பரண்மேல் ஏறி நிற்கும். "பெரியம்மா எந்த வருசமுங்க கட்டிக்கிட்டு வந்தாங்க?" என்று விசாரிப்பார். இவ்வளவு அக்கறையா என்று வீட்டார் மூக்கைச் சிந்திக்கொண்டே சொல்வார்கள். அவர் கணக்குப் போடுவது பெரியம்மாவின் வயதை இல்லை; பெரியம்மா சீரோடு கொண்டுவந்த பீங்கான் ஜாடியின் வயதை.

நாமக்கல் பக்கம் இந்த ரகத்து ஆட்கள் இப்போது தென்படுகிறார்கள். லாரியை விற்றவர், கோழிப்பண்ணையை மகனிடம் விட்டவர், பென்ஷன்காரர் என்று பெரும்பாலும் அறுபதை ஒட்டிய ஆண்கள். ஆயுசில் ஒரு மாங்காய் நறுக்கியிருக்க மாட்டார்கள். நான் சொல்லும் ஜாடிக்காரர் முப்பது வருஷம் வடக்கே லோடு அடித்தவர். டயரைக் கம்பியால் தட்டிக் காற்றுப் பார்த்த கை அது. இப்போது அதே கை விரல் முட்டியால் ஜாடியைத் தட்டுகிறது. 'கணீர்' என்றால் முகம் மலரும். 'லொட்' என்றால் விரிசல். அப்போதும் விட மாட்டார். பேட்டரி லைட்டை உள்ளே விட்டு, வெளியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பல் டாக்டர் கெட்டார்.

ஜாடி என்னவோ நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாயிலிருந்து தோள்வரை வெல்லப்பாகு நிறம். கீழே நாலு வெளுப்புக் கண்ட வேட்டியின் நிறம். அதன் பெருமையை அவர் ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். மண் பானையில் எண்ணெய் கசியும், பித்தளையில் புளிப்புப் பட்டால் களிம்பேறும், இரும்பை உப்பு தின்றுவிடும். இதுவோ 1,200 டிகிரிக்கு மேல் வெந்து, மண் பாதி உருகிக் கல்லான சரக்கு. எண்ணெயும் இறங்காது, புளிப்பும் தீண்டாது. பழைய முறையில், சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உள்ளே உப்பை அள்ளி வீசுவார்களாம். உப்பு ஆவியாகி மண்ணில் படிந்து கண்ணாடிப் பூச்சாகிவிடும். "உப்புப் போட்டு வைக்கப்போற ஜாடிக்கு உப்பாலயே சட்டை போட்டு உட்டிருக்கான் பாருங்க!" என்பார். சாக்கடைக் குழாய்களுக்கும் இதே உப்புச் சட்டைதான் என்று நான் ஒருநாள் சொல்லித் தொலைத்தேன். அவர் மனைவி காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு ஷோகேஸிலிருந்து வெளியேறிய ஜாடிகள் இன்னும் மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கின்றன.

வடக்கே தாபாக்களில் ஊறுகாய் ஜாடியை 'மர்த்தபான்' என்பார்கள். அது பர்மாக் கரையிலிருந்த மர்த்தபான் துறைமுகத்தின் பெயர். 14ஆம் நூற்றாண்டில் நம் மதுரைவரை வந்துபோன இப்னு பதூதா, கடல் பயணத்துக்கென்று தனக்குக் கிடைத்த மர்த்தபான் ஜாடிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். உள்ளே உப்பில் போட்ட இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய். இந்தக் கதையை நான் சொல்லியிருக்கவே கூடாது. அதிலிருந்து ஜாடிக்காரர் வீட்டில் பழுப்பாக இருப்பதெல்லாம் பர்மா ஜாடி. கவிழ்த்துப் பார்த்தால் அடியில், பூச்சுப் படாத வளையத்துக்குள், வங்காளத்து ராணிகஞ்சில் சூளை வைத்திருந்த பர்ன் கம்பெனியின் முத்திரை இருக்கும். "பர்ன்னாலும் பர்மான்னாலும் ஒண்ணுதானுங்க" என்று திருப்பி நிமிர்த்திவிடுவார்.

முத்திரை இல்லாதவற்றுக்கு அவரே ஒரு காலக்கணக்கு வைத்திருக்கிறார். சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். அதனால் அவரிடம் இருப்பவை இரண்டே வகை: 'ஜில்லா பிரியறதுக்கு முந்தினது', 'பிரிஞ்சப்புறம் வந்தது'. பின்னதை மதிக்கமாட்டார். சேலத்தில் மேக்னசைட் வெள்ளைக்கல் குன்றே இருந்தும் அது உலைச் செங்கல்லுக்குப் போனதே தவிர ஒரு நல்ல ஜாடிக்கு ஆகவில்லையே என்பது அவருக்கு நிரந்தரக் குறை. அது வேறு கல், இது வேறு மண் என்று எடுத்துச்சொல்ல முடியாது.

பேரத்துக்கு முன்பெல்லாம் ஒரு பொய் வைத்திருந்தார்: "துளசி வைக்கத்தானுங்க, சும்மா குடுங்க." பழைய இரும்புக் கடைக்காரர்கள் இப்போது உஷார். "துளசி வைக்க ரெண்டாயிரம் ஆகுமுங்க" என்கிறார்கள். மூடிதான் பெரிய பாடு. ஜாடி உடைவதற்கு முன்பே மூடி உடைந்துவிடும். அவரிடம் ஜாடி நாற்பத்தொன்று, மூடி பதினேழு, பொருந்துவது ஆறு. ஜாடிக்கேத்த மூடி என்று கல்யாண வீட்டில் யாராவது சொன்னால் அவர் மட்டும் பெருமூச்சு விடுவார். பொருந்தாதவற்றுக்கெல்லாம் ஆயா காலத்து வழக்கப்படி வெள்ளைத் துணியால் வேடு கட்டியிருக்கிறார். உள்ளே ஒன்றும் கிடையாது. வீட்டு ஊறுகாய் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது.

சேந்தமங்கலத்தில் ஒரு ஆயாவிடம் இருப்பதுதான் அவர் உயிர். இடுப்புயர ஜாடி, இரண்டு பக்கமும் காது, மூடி சொந்த மூடி. நாலு வருஷத்துக்கு முன் கேட்டபோது ஆயா மறுக்கவில்லை. "எனக்கெதுக்கு கண்ணு? உள்ள இருக்கிற எலுமிச்சங்கா காலியாகட்டும், எடுத்துக்கிட்டுப் போ" என்றது.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை போகிறார். ஆயா களியும் மோருமாக வைக்கும். இவர் ஜாடியைக் காலி செய்ய உதவுவார். டாக்டர் உப்பை நிறுத்தச் சொல்லி இரண்டு வருஷமாகிறது. "ஒரு துண்டு ஒரு மாசத்தைக் கொறைக்குமுங்க" என்பார். ஜாடியின் ஆயுளிலா, அவருடையதிலா என்று நான் கேட்டதில்லை. போகிறபோது ஆயாவுக்கு மாத்திரை வாங்கிப் போவார். கரண்ட் பில் கட்டுவார். ஒருமுறை ஓடு மாற்றினார்.

போன மாதம் லைட் அடித்துப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாலு விரக்கடைதானுங்க!" மறுவாரம் என்னையும் கூட்டிக்கொண்டு ஆம்னி வேனில் கிளம்பினார். உடையாமல் கொண்டுவர நம் ஊர்க்காரன் எதை வைப்பான்? முட்டை அட்டைதான், ஒரு கட்டு.

ஜாடி வாசலில் கவிழ்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சுத்தமாகக் காலி. அவர் கிட்டே போய்த் தட்டினார். கோயில் மணி தோற்றது. திண்ணையில் ஆயா, எதிரே முறம் நிறைய நாலாக வகிர்ந்த எலுமிச்சை.

"வா கண்ணு, நல்ல நேரத்துக்கு வந்தே. மிச்சத்தைக் கிண்ணத்துல எடுத்து வெச்சுட்டேன். ஜாடியைக் குலுக்கத்தான் கையில தெம்பில்ல."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நாலு வருஷம், ஒப்பந்தப்படி ஜாடி அவருடையது. அவர் ஜாடியைப் பார்த்தார், முறத்தைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார்.

"கல்லுப்பு எத்தனை படிங்காயா?"

அளந்து சொல்லிவிட்டு, ஆயா என் கையிலிருந்த கட்டைப் பார்த்தது. "அதென்ன, முட்டை வாங்கிட்டு வந்தீங்களா?"

"ஆமாங்காயா" என்றார் ஜாடிக்காரர், என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டியபடி.

கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது.