பந்தயம் கட்டுடா பேராண்டி

டேய் பேராண்டி, உன் வயசுல ஒருத்தன் கெட்டுப்போறதுக்கு சீட்டு, சினிமா, சாராயம்னு எத்தனையோ கௌரவமான வழி இருக்கு. நீ என்னடான்னா போன்ல வர்ற அதிசயத்தையெல்லாம் நம்பிக் கெட்டுப்போறே. நிலாவுல நின்னு பார்த்தா சீனாக்காரன் கட்டின மதில் தெரியுமாம். தஞ்சாவூர் பெரிய கோயில் கோபுரத்தோட நிழல் தரையில விழாதாம். நாலு பேர் நடுவுல நீ சொல்றே, அந்த நாலு பேரும் வாயைப் பொளந்துக்கிட்டு கேக்கறான். டீக்காசு மட்டும் நீ குடுக்கறே. இதுல உனக்கு என்னடா லாபம்?

பொய்யை நம்பறது பாவம்னு நான் சொல்ல வரல. அதுல வருமானம் இல்லன்னு சொல்றேன். வருமானம் உண்மையிலதான் இருக்கு. உண்மையை எவனும் நம்ப மாட்டான் பாரு, அதான் காரணம். நம்பாதவன்தானே பந்தயம் கட்டுவான்? இந்த மணலியில நான் குடிச்ச டீயில பாதி, கலப்படமில்லாத உண்மையைச் சொல்லி ஜெயிச்ச டீ. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு கடையில எல்லாரும் நெனச்சுக்கிட்டிருக்கான். நெனைக்கட்டும், நீ போய்த் திருத்தாதே.

சீனாக்காரன் மதிலை மொதல்ல முடிச்சிடறேன். 2003-ல அவங்க நாட்டு ஆளே, யாங் லிவெய்னு பேரு, ராக்கெட்டுல ஏறிப் போனார். நிலாவுக்குக்கூட இல்ல, பூமியைச் சுத்திட்டு எறங்கினார். மதில் தெரிஞ்சுதான்னு கேட்டதுக்கு, தெரியலன்னுட்டார். நீளம் ஆயிரக்கணக்கான மைல் இருந்தா ஆச்சா? அகலம் ஒரு ரோட்டு அகலந்தானே. அவ்வளவு ஒசரத்துல இருந்து அது எப்படிடா கண்ணுல படும்? தஞ்சாவூருக்கு ராக்கெட்டும் வேணாம். சாயங்காலமா ஒரு நடை போ. ராஜராஜன் 1010-ல கட்டி முடிச்ச அந்த விமானத்தோட நிழல் தரையில நீட்டிப் படுத்திருக்கும். அதுல உக்காந்துக்கிட்டுத்தான் பாதிப் பேர் 'நிழலே விழாது தெரியுமா'ன்னு பேசிக்கிட்டிருப்பான்.

இப்ப தொழிலைக் கத்துக்கோ. கேள்வியை அளந்து கேக்கணும், அதுலதான் சூட்சுமம். 'இந்தியாவுல ஜனங்க ஏறிப்போன மொத ரயில் எது'ன்னு கேட்டேன்னு வை, நீ தோத்தே. அது பம்பாய்ல போரிபந்தர்ல இருந்து தானாவுக்கு, 1853 ஏப்ரல் 16-ந் தேதி ஓடினது. பள்ளிக்கூடப் புத்தகத்துலயே இருக்கு. நீ கேக்க வேண்டியது, 'இந்தியாவுல மொத ரயில் எங்கடா ஓடுச்சு?' அவ்வளவுதான். பம்பாய், பம்பாய்னு எல்லாரும் மேஜையைத் தட்டுவான். தட்டி முடிக்கட்டும். காசு மேஜைக்கு வரட்டும். அப்பறமா மெதுவா, பல்லுக்குச்சியை எடுத்துட்டு, 'செங்குன்றம்'னு சொல்லு.

ஆமாண்டா, நம்ம பக்கத்துச் செங்குன்றம்தான். 1837-லயே அங்க இருந்து சிந்தாதிரிப்பேட்டை வரைக்கும் தண்டவாளம் போட்டு, ரோடு போடற கல்லை ஏத்தி ஓட்டினாங்க. கொள்ளிடத்துலயும் கோதாவரியிலயும் அணை கட்டினாரே ஆர்தர் காட்டன் துரை, அவரோட ஏற்பாடு. பம்பாய்க்குப் பதினாறு வருஷம் முந்தி. அதுல மனுஷன் ஏறலடான்னு எவனாவது சட்டம் பேசுவான். 'நான் ரயிலைத்தானே கேட்டேன், டிக்கெட்டைக் கேட்டேனா'ன்னு ஒரு டீயை எடுத்துக்கோ. அதுக்கும் மசியலன்னா ராயபுரத்தை எறக்கு. 1856-ல அங்க இருந்து வாலாஜாவுக்கு ரயில் விட்டாங்க, தெக்கத்திச் சீமைக்கே ஜனங்க ஏறின மொத ரயில். போரிபந்தர்லயும் தானாவுலயும் அப்பக் கட்டின பழைய ஸ்டேஷன் இப்ப இல்ல. நம்ம ராயபுரத்துக் கட்டடம் தூண் வச்சு இன்னும் நிக்குது. தினம் அதைத் தாண்டித்தான் நம்ம ஊர்க்காரன் மீன் வாங்கப் போறான், அண்ணாந்து பார்க்கிறானா?

ஜெர்மன்காரன் போர்க்கப்பல் எம்டனுக்கு வர்றேன். காசிமேட்டுல எந்தக் கெழவனைக் கேட்டாலும், எம்டன் குண்டு போட்டதை அவன் தாத்தா நேர்ல பார்த்தார்ம்பான். 1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல. கடல்ல இருட்டோட இருட்டா வந்து நின்னு, விளக்கைப் பாய்ச்சி எண்ணெய் டேங்கைத் தேடி, 125 குண்டுக்கு மேல அடிச்சுட்டு, கொஞ்ச நேரத்துல கெளம்பிப் போயிடுச்சு. துறைமுகத்துல பர்மா எண்ணெய்க் கம்பெனி டேங்கு பத்திக்கிட்டு எரிஞ்சுது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள அத்தனை தாத்தாவும் கரையில நின்னு பார்த்திருந்தா, கப்பல்காரன் கூட்டத்தைப் பார்த்தே பயந்து ஓடியிருப்பான். நெஜத்துல ஓடினது நம்ம ஜனங்கதான். மூட்டையைக் கட்டிக்கிட்டு ஆயிரக்கணக்குல ஊரைவிட்டுப் போனாங்க.

அந்தக் கப்பல்ல நம்ம செண்பகராமன் பிள்ளை இருந்தார், அவர்தான் சென்னைக்கு வழி காட்டினார்னு ஒரு கதை உண்டு. நானும் சின்ன வயசுல அதைக் கேட்டு மெய்சிலிர்த்தவன்தான். ஆனா கணக்கைப் பாரு. கப்பல் சீனாக் கரையில இருக்கிற சிங்டாவோவை விட்டு ஜூலைக் கடைசியிலயே கெளம்பிடுச்சு. அவர் அப்ப ஐரோப்பாவுல, வெள்ளைக்காரனை வெரட்டறதுக்கு சங்கம் சேர்த்துக்கிட்டிருந்தார். எங்க வந்து எப்படி ஏறுவார்? அவர் ஏறினதுக்கு ஆதாரம் ஒண்ணும் இல்ல. கார்ல் ஃபான் முல்லர்னு ஒரு கேப்டன், ஜெர்மன்காரன், கையில மேப்பு வச்சிருந்தவன், தானாவே வந்து அடிச்சான். நவம்பர் 9-ந் தேதி கோகோஸ் தீவுகிட்ட ஆஸ்திரேலியாக்காரன் கப்பல் அதை அடிச்சு முடிச்சுது. இந்த விஷயத்தை மட்டும் பந்தயத்துக்குக் கொண்டுபோகாதே. தேசபக்தர் பேர்ல கைவச்சா டீ வராது, வேற ஏதாவது வரும். நான் ஒருதரம் வாயைத் திறக்கப் பார்த்து, பக்கத்துல நின்னவன் கை நீளத்தைப் பார்த்துட்டு, சர்க்கரை கம்மியா போடுப்பான்னு பேச்சை மாத்திட்டேன்.

உள்ளதுலயே பெரிய பந்தயம் இப்பத்தான் வருது. இதை வெளியூர்க்காரன்கிட்ட வீணாக்காதே, மணலிக்காரன்கிட்ட கட்டு. அவன்தான் கண்டிப்பாத் தோப்பான்.

கச்சேரியில பாடறவருக்குப் பக்கத்துல பிடில் இருக்கே, அது நம்ம வாத்தியத்துல சேர்ந்தது எப்பன்னு கேளு. ஆதிகாலம்னு ஒருத்தன் சொல்வான். ராவணன் வாசிச்சான்னுகூட ஒருத்தன் ஆரம்பிப்பான். அது வெள்ளைக்காரன் கப்பல்ல வந்த சாமான். அதை வாங்கி, நம்ம ராகத்துக்குப் பழக்கின முன்னோடிகள்ல பாலுசாமி தீட்சிதர் ஒருத்தர். அவர் எந்த ஊர்ல இருந்து அதைக் கத்துக்கிட்டார் தெரியுமா? மணலி. நீ குடத்தைத் தூக்கிக்கிட்டுத் தண்ணி லாரிக்கு ஓடறியே, இதே மணலி.

எரநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. முத்துகிருஷ்ண முதலியார்னு நம்ம ஊர்ப் பெரிய மனுஷர், வெள்ளைக்காரக் கம்பெனிக்கு துபாஷ், அதாவது பாஷை பேசி வியாபாரம் முடிச்சுக் குடுக்கிற ஆள். பட்டணத்துல பூக்கடைப் பக்கம் சென்னகேசவப் பெருமாள் கோயிலை, கோட்டைக்காரன் இடிச்சப்பறம் திரும்பக் கட்டறதுக்கு முன்னால நின்னவர். அவர்தான் திருவாரூர்ல இருந்து ராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோட வரவழைச்சு மணலியில வச்சுக்கிட்டார். கூட வந்த மூத்த பிள்ளைதான் முத்துசாமி தீட்சிதர். சங்கீத மும்மூர்த்தின்னு படம் மாட்டி பூப்போடறாங்களே, அதுல ஒருத்தர். முதலியார் மகன் சின்னையா முதலியார் இந்தப் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிட்டுப்போய் பேண்டு வாத்தியம் கேக்க வச்சார். தம்பி பாலுசாமிக்குக் காசு குடுத்து வெள்ளைக்காரன்கிட்ட பிடில் கத்துக்க ஏற்பாடு பண்ணினதும் அவர்தான்.

அண்ணன் சும்மா இருந்தாரா? பேண்டுல கேட்ட மெட்டையெல்லாம் புடிச்சு சமஸ்கிருதத்துல சாமிபாட்டாக்கிட்டார். நோட்டுஸ்வரம்னு பேரு, நாப்பது கிட்ட இருக்கு. அதுல ஒண்ணு, இங்கிலீஷ் ராஜாவை ஆண்டவன் காப்பாத்தட்டும்னு பட்டாளத்துக்காரன் வெறச்சு நின்னு பாடறானே, அதே மெட்டு. மெட்டை அப்படியே வச்சுக்கிட்டு, ராஜாவை எறக்கி விட்டுட்டு அம்பாளை ஏத்தி உக்கார வச்சார் மனுஷன். சண்டை இல்ல, சச்சரவு இல்ல. வெள்ளைக்காரன் காதுல விழுந்திருந்தா எழுந்து நின்னு சலாம்கூடப் போட்டிருப்பான்.

இதை மணலி மார்க்கெட்டுல சொல்லிப் பாரு. 'மணலியில ரிஃபைனரி இருக்கு, உரக் கம்பெனி இருக்கு, ரோட்டுல பள்ளம் இருக்கு. தீட்சிதர் எங்கடா வந்தார்'னு வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது. 1969-ல ரிஃபைனரி வந்ததுக்கு அப்பறம் பொறந்தவனுக்கு மணலின்னா வானத்துல எரியற அந்த நெருப்புதான். அவன் சிரிப்பு அடங்கறதுக்குள்ள காசை வாங்கி முடி.

அந்த நெருப்புலயும் ஒரு டீ இருக்கு. நல்ல கேஸை வீணா எரிக்கிறான்னு பாதிப் பேர் சொல்வான். அது அணைஞ்சா ஊரே வெடிச்சிடும்னு மீதிப் பேர் சொல்வான். விஷயம் என்னன்னா, உள்ள குழாயில அழுத்தம் ஏறினா மிஞ்சற கேஸ் எங்கயாவது போயாகணும். அப்படியே வெளிய விட்டா தரையில தங்கி எங்கயாவது பத்திக்கும், மூச்சும் முட்டும். அதனால ஒசரத்துல வச்சுக் கொளுத்திடறான். சின்னதா எரிஞ்சா நிம்மதியாத் தூங்கு. திடீர்னு வானம் செவக்க எரிஞ்சா உள்ள எங்கயோ வேலை தடுமாறுதுன்னு அர்த்தம். அப்பறம் இன்னொண்ணு, சமையல் கேஸுக்கு நாத்தமே கிடையாது. கசிஞ்சா மூக்குக்குத் தெரியட்டும்னு மெர்காப்டன்னு ஒரு மருந்தை வேணும்னே கலக்கறான். நாத்தத்தைக் காசு குடுத்து வாங்கிக் கலக்குவான்னு நம்ம ஊர்க்காரன் நம்பவே மாட்டான். அவனுக்குத்தான் அது இலவசமா வருதே.

ஏரிக்கரைப் பக்கம் பாம்பு ரெண்டு பின்னிக்கிட்டு எழும்பி ஆடினா, சாரையும் நல்லதும் சேருதுன்னு சொல்லிப் புது வேட்டியை மேல போடுவாங்க பாரு. அந்த வேட்டியை மடிச்சு பீரோவுல வச்சா பணம் கொட்டுமாம். நம்ம தெருவுலயே ஒருத்தன் மல்வேட்டியைப் போட்டுட்டு, அது நழுவிச் சேத்துல விழுந்து, குச்சியால எடுத்து, தோய்க்காமலேயே பீரோவுல வச்சான். வீடே நாறினாலும் லட்சுமி வாசம்னு சொல்லிக்கிட்டிருந்தான். அங்க சேரவும் இல்ல, ஒண்ணும் இல்லடா. ரெண்டுமே சாரை, ரெண்டுமே ஆம்பளை. பொண்ணுக்காக மல்லுக்கட்டுது. ஒண்ணு தலையை ஒண்ணு கீழ அமுக்கப் பார்க்குது, தோத்தது ஓடிடும். சாரைக்கு விஷமும் கிடையாது. கொம்பேறி மூக்கன் கடிச்சுட்டு மரத்துல ஏறி சுடுகாட்டுப் பொகையைப் பார்க்கும்னு சொல்றதும் இந்த வகைதான். அது கடிச்சு எவன் சுடுகாட்டுக்குப் போனான், அது ஏறிப் பார்க்கிறதுக்கு?

தை, மாசியில நம்ம கரைக்கு முட்டையிட வருதே பங்குனி ஆமை, அதைப் பத்தி பொம்பளைங்க கூடியிருக்கிற எடத்துல கேளு. குஞ்சு ஆணா பொண்ணான்னு யார் தீர்மானிக்கிறாங்க? ஆமையும் இல்ல, ஆண்டவனும் இல்ல, முட்டை கெடக்கிற மணலோட சூடு. மணல் சூடேறினா பொண்ணு, குளுந்தா ஆணு. அங்க மாமியார் ஆமை வந்து மருமக ஆமையைத் திட்ட வழியே இல்ல. மனுஷனுக்கு அது ஆம்பளை வித்துல இருக்குன்னு சேர்த்துச் சொல்லிப் பாரு. மருமகளுங்க உனக்கு டீயோட பஜ்ஜியும் தருவாங்க. மாமியாருங்க வர்றதுக்குள்ள தின்னுட்டுக் கெளம்பிடு.

இத்தனை வித்தையையும் வெளிய மட்டும் காட்டு. வீட்டுல உன் பாட்டி பேசிக்கிட்டிருக்கும்போது சுவத்துல பல்லி கத்தும். 'பார்த்தியா, நான் சொன்னது சத்தியம், பல்லியே சொல்லுது'ம்பா. பல்லி கத்துறது அது ஜோடிக்கும், இது என் எடம்னு பக்கத்துப் பல்லிக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா நாப்பது வருஷமா 'ஆமாம் புள்ள, சத்தியம்'னுதான் சொல்லிக்கிட்டு வர்றேன். அன்னிக்கெல்லாம் எனக்கு வஞ்சிர மீன்ல நடுத்துண்டு.