தேனீயின் மச்சாவதாரம்

மச்சாவதாரம் வைகுண்டவாசிக்கே உரியது என்று நம்பியிருப்போர், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 2022-ஆம் ஆண்டு மே மாதம், பம்பிள் தேனீ என்னும் மயிரடர்ந்த காட்டுப் பூச்சிக்கும் அந்தப் பாக்கியம் கிட்டிய விருத்தாந்தத்தைக் கேட்டால் சற்றே திகைக்கக்கூடும். அருகிவரும் ஜீவராசிகளைக் காக்க அம்மாநிலத்தார் இயற்றிய சட்டம், பறவை, விலங்கு, மீன், தவளை, ஊர்வன, செடிகொடி யாவற்றையும் நினைவில் வைத்துப் பூச்சியை மட்டும் மறந்துவிட்டது. ஆயினும் சட்டப் புத்தகத்தின் வேறொரு மூலையில், 'மீன்' என்ற சொல்லுக்குள் முதுகெலும்பற்றனவும் அடங்கும் என்று எவரோ எழுதிவைத்திருந்தபடியால், செதிலும் இல்லாத, நீந்தவும் அறியாத அந்தப் பிராணியை மீனாகவே பாவிக்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிபதிகள் சாவதானமாகத் தீர்ப்பளித்தனர். (1980-லேயே ஒரு தரைநத்தை 'மீன்' என்னும் இந்தச் சட்டக் குளத்தில் இறங்கியிருந்தது அவர்களுக்கு அனுகூலமாயிற்று.)

இதை ஆட்சேபித்து வழக்காடியவர்களில் முன்னின்றோர் பாதாம் விவசாயிகளின் சங்கத்தார். பிப்ரவரியில் அவர்கள் தோப்பு பூக்கும்போது, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் லாரி லாரியாக வாடகைத் தேனீப் பெட்டிகள் வந்து இறங்காவிட்டால் கிளையில் காய் பிடிக்காது! அந்த வாடகைத் தேனீயோ, ஆண்டுதோறும் ஜனவரியில் வேளாண் ஆணையரின் பதிவேட்டில் பெட்டிக் கணக்கோடு ஏறவேண்டிய, சந்தேகத்துக்கு இடமில்லாத தேனீ. இனி ஏதேனும் ஒரு காட்டுப்பூவில் அதுவும் இந்தச் சட்டமீனும், காலில் மஞ்சள் மகரந்தம் அப்பியிருக்க, எதிர்ப்பட்டால், ஒன்றையொன்று என்ன முறை சொல்லி அழைக்குமோ!