மூணு வயசுல பதவி உயர்வு

வாடி கண்ணு, உக்காரு. உம் மூத்தவன் ரௌடி ஆயிட்டான்னு தெரு முழுக்கச் சொல்லிக்கினு வரியாமே. பெட்டிக்கடை வாசல்ல பொரண்டான், மாமியாரு கையக் கடிச்சான், ஏணையில கெடந்த கைப்புள்ளய ஆட்டறன்னு கவுக்கப் பாத்தான். மூணு வயசுக்கு இம்மாம் கேஸு ஜாஸ்திதான். ஆனா ஒரு பக்கத்துப் பேச்ச மட்டும் கேட்டுக்கினு தீர்ப்பு சொல்ற பழக்கம் உங்க ஆயாவுக்குக் கெடையாது. அவனுக்கு இன்னும் நாக்கு முழுசாத் திரும்பல. அதனால அவனுக்கு வக்கீலா நானே பேசறன், பீஸு அப்புறம் வாங்கிக்கறன்.

ஐப்பசி பொறந்துச்சு, மழ வந்துச்சு, உப்பளம் பூரா தண்ணி. உம் புருசன் கம்பி கட்டற வேலைக்கு மெட்ராசுக்குக் கெளம்பிட்டான். நீ ஆசுபத்திரிக்குப் போனவ ஒரு துணி மூட்டையோட திரும்பி வந்த, பாத்தா மூட்டைக்குக் கையும் காலும் இருக்குது. அவன் படுத்துக் கெடந்த எடத்துல அந்த மூட்டய வெச்சிட்டு அவனத் தூக்கி மாமியாரு பக்கத்துல போட்ட. அந்தக் கெழவியோட கொறட்டையில பக்கத்து வூட்டு நாயே தூங்காது. பத்தாததுக்கு மறு வாரமே பால்வாடியில சேத்துட்ட. இதுல ஒன்னுக்காவது அந்தப் புள்ளயக் கேட்டியா? டீயில சக்கர கொறஞ்சதுக்கு லோட்டாவத் தூக்கி அடிச்சாரே உம் மாமனாரு, அவரு பேரு ஊர்ப் பெரியவரு. பையன் பேரு ரௌடி!

இன்னொரு அநியாயம் சொல்றன் கேளு. மழைக் காலத்துல அளத்து வேல நின்னு போவுதுன்னு அரசாங்கமே நம்ம குடும்பத்துக்கு 5,000 ரூவா குடுக்குது. புள்ள பெத்ததுக்கு முத்துலட்சுமி ரெட்டி பேருல உனக்கு 18,000, பணமும் சத்துப் பொருளுமா, தவணை தவணையா. கைப்புள்ளைக்கு 2015-லேருந்து பெட்டகம், அதுல 16 சாமான்: சோப்பு, எண்ண, துண்டு, கொசுவல, கிலுகிலுப்ப. உனக்கும் அதுலயே லேகியம். அப்பனும் ஆயியும் போயி, படுக்கையும் போயி நடு வூட்டுல நிக்கறானே பெரியவன், அவனுக்கு இன்னா நிவாரணம்? அந்தக் கிலுகிலுப்பய எடுத்து ஒளிச்சு வெச்சிட்டான்னு புகார் சொல்ற. திருட்டு இல்லடி அது. யாரும் குடுக்கலன்னு அவனே கணக்குப் போட்டு எடுத்துக்கினான்.

அதுக்குப் பதிலா நீங்க அவனுக்குக் குடுத்தது பதவி. "நீ இனிமே பெரிய புள்ள, அழக் கூடாது, தூக்கச் சொல்லக் கூடாது, தம்பியப் பாத்துக்கணும்." நேத்து வரைக்கும் மூக்கு சிந்தத் தெரியாதவனுக்கு ராத்திரியோட ராத்திரியா மேஸ்திரி வேல, அதுவும் சம்பளம் இல்லாத மேஸ்திரி. அவன் திரும்பவும் பாய நனைக்கிறான், பால் பாட்டிலக் கேக்கறான்னு நீ தலையில அடிச்சிக்கற. இந்த வேல வேணாம், பழைய வேலயே குடுங்கன்னு ராஜினாமா எழுதிக் குடுக்கறான், உனக்குப் படிக்கத் தெரியல. கொஞ்ச நாளைக்குச் சின்னப் புள்ளயா இருந்துட்டுப் போவட்டும் வுடு. பாய் காயும்.

அடத்த இன்னும் நல்லா வளக்கணும்னா அதுக்கும் ஆளு இருக்குது. கொழந்த பாக்க வர்ற சொந்தக்காரங்கள ஒருத்தரயும் தடுக்காத. "உன்னத் தவுட்டுக்கு வாங்கினாங்க, இவன்தான் சொந்தப் புள்ள"ன்னு ஒருத்தி சொல்லுவா. "தம்பிய நான் பையில போட்டுத் தூக்கிக்கினு போவட்டா?"ன்னு ஒருத்தன் கேப்பான். பையன் "தூக்கிக்கினு போ"ன்னு பளிச்சுன்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. நானும் கிண்டல் பண்ணியே காலம் தள்ளினவதான், ஆனா திருப்பிக் குடுக்கத் தெரிஞ்ச ஆளப் பாத்துப் பண்ணுவன். மூணு வயசுப் புள்ளகிட்ட வந்து வீரம் காட்றவங்களுக்குத் தண்ணி மட்டும் குடு, டீ குடுக்காத. அழுதா போலீசு புடிச்சுக்கும், நர்சு ஊசி போடுவாங்கன்னு மெரட்டறதும் நல்ல வழிதான். நாளைக்கு நெசமாவே தடுப்பூசி போடறப்ப நாலு பேரு சேந்து அமுக்கிப் புடி.

உந் தம்பி காலேஜுல படிக்கறானே, செல்லுல எதையோ படிச்சுக் காட்டினான். 1931-ல அமெரிக்காவுல மினசோட்டாவுல ஃப்ளாரன்ஸ் குடினஃப்னு ஒரு அம்மா, 45 புள்ளைங்க கோவப்படறத அதுங்களப் பெத்தவங்களயே எழுதி வெக்கச் சொன்னாங்களாம். 1,800 கோவத்துக்கு மேல கணக்கு வந்துச்சாம். சோறு வெக்கறதுக்கு முந்தி, தூங்கற நேரம், சளி புடிச்சப்ப, வூட்டுக்கு விருந்தாளி வந்தப்ப, அப்பத்தான் ஜாஸ்தியாம். இத என்னக் கேட்டிருந்தா நோட்டுச் செலவு மிச்சம். பெட்டிக்கடை வாசல்ல பொரண்டான்னியே, அது பகலு ஒரு மணிக்கு, சோறு போடாம நீ கதை பேசிக்கினு நின்ன நேரம். உங்கிட்ட விசாரிக்கல, கடைக்காரன்கிட்ட விசாரிச்சன்.

2003-ல பொட்டேகல், டேவிட்சன்னு ரெண்டு பேரு இன்னும் கிட்டப் போயிப் பாத்திருக்காங்க. முக்காவாசி அடம் அஞ்சு நிமிசத்துக்குள்ள முடிஞ்சுடுதாம். கோவம் மொதல்லயே உச்சிக்குப் போயி எறங்கிடும், அழுவறது மட்டும் அப்புறமும் இருக்கும். நீ இன்னா பண்ற? கோவம் உச்சியில இருக்கறப்ப பக்கத்துல குந்திக்கினு புத்தி சொல்ற. அளத்துல எத்தினி வருசம் வேல பாத்தவ நீ! டிகிரி பாக்காம பாத்தியில பலகயப் போடுவியா? கடத் தண்ணி மூணு சொச்சம் இருக்கும், அது காஞ்சு இருவத்தஞ்சுகிட்ட வந்தாத்தான் உப்பு பூக்கும். பத்துல வாரினா கையில சேறுதான் வரும். அவன் காலு ஒதைக்கறப்ப கல்லு, சைக்கிளு, கொதிக்கற குண்டான் எதுவும் கிட்ட இல்லாமப் பாத்துக்கினு பேசாம உக்காரு. அடிக்காத, சிரிக்காத, செல்லத் தூக்கிக் கையில குடுக்காத. குடுத்துட்டுப் பத்து நிமிசத்துல புடுங்கினா அது அடுத்த அடத்துக்கு முன்பணம். ஒதைக்கறது நின்னு விசும்பல் வரும் பாரு, அப்பத் தூக்கு. முட்டாய் வேணாம்னு சொல்லியிருந்தா அப்பவும் வேணாம்தான், மடி மட்டும் உண்டு. மூச்சு அடங்கி மயங்கினாலோ, நாள் கணக்குல சோறு தண்ணி எறங்கலன்னாலோ எங்கிட்ட வராத, நேரா ஆசுபத்திரிக்கு ஓடு.

செல்லுன்னதும் ஞாவகம் வருது. 2024-ல பெஞ்சல் புயலு புதுச்சேரிகிட்டக் கரையேறி நகராம நின்னப்ப மயிலத்துல அரை மீட்டருக்கு ஊத்துச்சு. இங்க கரண்டு இல்ல, செல்லுல சார்ஜு இல்ல. உம் புருசன் பண்ண ஆட்டத்த அந்தப் பெரியவனும் பாத்துக்கினுதான் இருந்தான். புள்ளைங்களுக்கு வாத்தியாரு தனியா வேணாம்.

நீ அளத்துக்கு விடிகாலயில இருட்டோட போவ. அவன் கண்ணு முழிச்சா நீ இருக்க மாட்ட, ஒரு நாளும் அழுததில்ல. இப்ப நாள் பூரா வூட்டுலயே கெடக்கற, தொண்ட கிழியக் கத்தறான். ஏன்னு யோசிச்சியா? அப்ப நீ போனா வருவன்னு அவனுக்குத் தெரியும். இப்ப கண்ணு முன்னாடியே இருக்கற, ஆனா அவனுக்கு இல்ல. கைப்புள்ள தூங்கற நேரத்துல நீ பாத்திரம் தேய்க்காத, அது எங்கயும் ஓடிடாது. அவனக் கூட்டிக்கினு கழுவெளிப் பக்கம் போ. 2021-ல சரணாலயம்னு அறிவிச்சதுலேருந்து பறவ பாக்க எங்கெங்கருந்தோ காரு போட்டுக்கினு வரானுங்க, உனக்கு நடந்து போற தூரம். ஆனா அங்க போயி "பாரு, பறவ திரும்பி வருது, அது மாதிரி அப்பாவும் வரும்"னு பாடம் எடுக்காத. பறவயப் பாக்கப் போனா பறவயப் பாக்கட்டும்.

எனக்கு மனசு ஆறாதது ஒன்னே ஒன்னுதான். அப்பா எங்கன்னு கேட்டதுக்குக் கடைக்குப் போயிருக்குதுன்னியாமே. ஒன்னரை மாசமா கடைக்குப் போன ஆளா? அந்தப் புள்ள பெட்டிக்கடை வாசல்ல ஏன் பொரண்டுதுன்னு இப்பப் புரியுதா? பசி மட்டும் இல்லடி, அப்பன் உள்ளதான் இருக்கான்னு நெனச்சிருக்கு. நீ கையப் புடிச்சு இழுத்துக்கினு வந்துட்ட. முட்டாய்க்கு அழுதான்னு நீயா முடிவு கட்டிட்ட. அப்பா மெட்ராசுல கம்பி கட்டுது, பொங்கலு கழிச்சு அளம் தொறக்கறப்ப வரும்னு சொல்லு. அழுவான். அழட்டும். மறுநாளும் கேப்பான், அதே பதிலச் சொல்லு. ராத்திரி போன்ல மூஞ்சக் காட்டறப்ப "நாளைக்கு வந்துடறன்டா"ன்னு வாய்க்கு வந்தத உளறக் கூடாதுன்னு உம் புருசனுக்கும் சொல்லி வெய்யி. கேக்கலன்னா போன எங்கிட்டக் குடு.

சரி, கைப்புள்ளய இப்படிக் குடு, நான் பாத்துக்கறன். நீ பெரியவன இடுப்புல தூக்கிக்கினு கடைக்குப் போயி, அப்பா இங்க இல்லன்னு உள்ள வரைக்கும் காட்டிட்டு வா. அப்படியே வக்கீல் பீஸுக்குப் பத்து ரூவா வெத்தலயும் சீவலும் வாங்கியா. கொட்டப்பாக்க வாங்கியாந்துடாத, எனக்குப் பல்லு எங்க இருக்குது?