கூந்தல் உள்ள மகராசி

இன்றைக்கு பியூட்டி பார்லர் ஃபிரான்சைஸ் எடுக்கப் போனால் முதல் கேள்வி, “கையில் எவ்வளவு இருக்கு?” இரண்டாவது கேள்வி, “மாமனார் கையில் எவ்வளவு இருக்கு?” முடி வெட்டத் தெரியுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்த வியாபாரத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட புண்ணியவதியோ, காசில்லாதவளாகப் பார்த்துத்தான் கடையைக் கொடுத்தாள்.

பெயர் மார்த்தா மாடில்டா ஹார்ப்பர். 1857இல் கனடாவின் ஓக்வில்லில் பிறந்தவள். பாசமிகு தகப்பனார் ஏழு வயதிலேயே மகளை வீட்டுவேலைக்கு அனுப்பிவைத்தார். அன்று பிடித்த துடைப்பத்தைக் கீழே வைக்க ஏறக்குறைய 25 வருஷம் ஆயிற்று. அதற்குள் சேர்ந்த மொத்தச் சொத்து: 360 டாலர், வேலை பார்த்த வீட்டு டாக்டர் கொடுத்த தைலக் குறிப்பு, தரையைத் தொடும் கூந்தல்.

1888இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், பகட்டான பவர்ஸ் கட்டடத்தில் இடம் கேட்டாள். உரிமையாளர் டேனியல் பவர்ஸ் கையை விரித்தார். சீமாட்டிகளின் தலையை வீட்டுக்குள் வேலைக்காரி அலசிவிடும் காலம் அது. நாலு பேர் நடமாடும் இடத்தில் பெண்பிள்ளை கொண்டையை அவிழ்ப்பதா? குடி முழுகிவிடாதா? வக்கீல் வைத்துப் பேசித்தான் இடம் கிடைத்தது. கிடைத்ததும் தன் கூந்தலை விரித்துப்போட்டு எடுத்த போட்டோவை வாசலிலேயே மாட்டினாள்.

பக்கத்து அறையில் ஒரு பாட்டு வாத்தியார். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாக்களுக்கு உட்கார இடமில்லை. “உள்ளே வந்து உட்காருங்கம்மா” என்றாள். பிள்ளை அபஸ்வரம் பழகி முடிப்பதற்குள் அம்மாவின் தலை அலசி முடிந்துவிடும்.

நுரை கண்ணில் போகாதிருக்க, மல்லாந்து சாயும் நாற்காலியும் கழுத்துக்கு வளைவு வெட்டிய தொட்டியும் செய்தாள். காப்புரிமை மட்டும் வாங்கவில்லை. இன்று உலகமே மல்லாந்து கிடக்கிறது; அவள் கணக்கில் காலணா ஏறவில்லை.

சிகாகோவின் கோடீஸ்வரச் சீமாட்டி பெர்தா பாமர், 1893 உலகக் கண்காட்சிக்குள் தன் ஊரிலும் கடை வேண்டும் என்றாள். எஜமானியம்மாக்களுக்கு “ஆகட்டும்மா” சொல்லியே தேய்ந்த வாய், இந்தத் தடவை, “உங்கள் சிநேகிதிகள் 25 பேர் வருவதாகக் கையெழுத்துப் போடட்டும், பார்க்கலாம்” என்றது.

1891இலிருந்தே கிளைகள் முளைத்தன. முதலாளி ஆனவர்கள் அவளைப்போலப் பாத்திரம் தேய்த்தவர்கள். பயிற்சி அவளுடையது, தைலம் அவளுடையது, சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதும் அவளே. கடை மட்டும் அந்தப் பெண்களுடையது. முழுக்கத் தருமம் என்று நினைக்க வேண்டாம். சீமாட்டியின் தலைக்கனத்தைத் தாங்கிய அனுபவம் வேறு யாருக்கு இருக்கும்?

கடைகள் 500ஐத் தாண்டின. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய சூசன் பி. ஆன்டனியும், அதற்குத் தலையாட்ட வருஷக்கணக்கில் இழுத்தடித்த ஜனாதிபதி உட்ரோ வில்சனும் தலையைக் கொடுத்தது இவளுடைய தைலத்துக்குத்தான்.

1920இல் கல்யாணமும் செய்துகொண்டாள். மணமகளுக்கு 63, மாப்பிள்ளைக்கு 39. ஊர் வாயை மூட உலை மூடி ஏது? அவள் தேடவும் இல்லை. 1950இல், 92 வயதில்தான் கண்ணை மூடினாள்.

கூந்தல் உள்ள மகராசி அள்ளி முடிவாள் என்பதோடு நம் பழமொழி நின்றுவிடுகிறது. அடுத்தவள் கூந்தலை அள்ளி முடிந்தே மகராசி ஆகலாம் என்று காட்டியவள் மார்த்தா. ஃபிரான்சைஸ்காரர்கள் அவளிடமிருந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்கள், யாருக்குக் கொடுத்தாள் என்பதைத் தவிர.